பால் காய்ச்சும் ஊரிலும் வரும் காய்ச்சல்

"பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம், அந்த நோய் இங்கே எப்படி வரும்?" புருசெல்லோசிஸ் என்று பேச்செடுத்தாலே தமிழ்நாட்டில் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். மருத்துவம் படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒட்டகப்பாலைப் பச்சையாகக் குடிக்கும் பாலைவன நாடுகளுக்கும், பச்சைப்பாலில் பாலாடைக்கட்டி செய்து தின்னும் மத்தியதரைக் கடலோர ஊர்களுக்கும் உரிய நோய் அது, நமக்கில்லை என்பது பொதுக் கருத்து. அப்படியே வந்தாலும் கால்நடை மருத்துவருக்கோ இறைச்சிக் கடைக்காரருக்கோ வரும், பிள்ளைகளுக்கு வராது என்ற நம்பிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே தவறு. வாரக்கணக்கில் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தைக்கு இந்தத் தவறு நேரடியாகத் தீங்கு செய்கிறது. புதுக்கோட்டை போன்ற ஆடு மாடு நிறைந்த மாவட்டத்தில் அந்தத் தீங்கு இன்னும் கூடுதல்.

முதலில் அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஒரு சங்கதி. கால்நடைத் துறை தமிழ்நாடு முழுவதும் கன்று வீச்சு நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை போடும் ஊசி அது. கோமாரியையும் கன்று வீச்சு நோயையும் நாட்டைவிட்டே ஒழிப்பதற்கென்று 2019 செப்டம்பரில் 13,343 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பகுதி. கன்று வீச்சு நோய்தான் புருசெல்லோசிஸ். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கருவைக் கலைக்கிற அதே புருசெல்லா கிருமிக் குடும்பம்தான் மனிதருக்குக் காய்ச்சலைத் தருகிறது. ஊசி போட்டு ஒழிக்க வேண்டிய அளவுக்குக் கொட்டிலில் இருக்கும் நோய், அந்தக் கொட்டிலை ஒட்டிய வீட்டில் தூங்கும் குழந்தைக்கு வராது என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்?

காய்ச்சிய பால் என்பதே பதில் என்றால், அந்தப் பதிலில் ஒரு பாதி மட்டும் சரி. கொதிக்கவைத்த பாலில் இந்தக் கிருமி பிழைக்காது. பாக்கெட் பால் பதப்படுத்தும் சூட்டிலேயே செத்துவிடும். ஆனால் பால் என்பது கிருமி வரும் பல வழிகளில் ஒன்று. நோய் கண்ட ஆடு குட்டி போடும்போதும், மாதம் முந்தி வீசும்போதும் வெளியேறும் பனிக்குட நீரிலும் நஞ்சிலும்தான் கிருமி மிக அடர்த்தியாக இருக்கிறது. மூச்சுக் காற்றோடு பத்து முதல் நூறு கிருமிகள் உள்ளே போனாலே நோய் பற்றப் போதும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. கையில் சின்னக் கீறல் இருந்தாலும், கண்ணைக் கசக்கினாலும் உள்ளே புகும். நிழலான ஈர மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இலுப்பூர்ப் பக்கமோ கந்தர்வகோட்டைப் பக்கமோ ஒரு வீட்டில் ஆடு குட்டி போடும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நடுச்சாமத்தில் ஆடு கத்தினால் எழுந்து ஓடுவது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான். குட்டியின் மூக்கிலிருக்கும் கோழையைத் துடைப்பது, தாயின் மடியில் கொண்டுபோய் ஒட்டவைப்பது, குளிர் காலமானால் சாக்கில் சுற்றித் தன் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொள்வது எல்லாம் பத்து வயதுப் பிள்ளை ஆசையோடு செய்கிற வேலை. கையுறை என்ற பேச்சே கிடையாது. நஞ்சு விழுந்ததும் அதைக் குச்சியால் தள்ளிக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறது பிள்ளை. பசுவின் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் இன்னும் பல ஊர்களில் உண்டு. நாய் வாய் வைக்காமல் காப்பதில் அதற்கு ஒரு பயன் இருக்கிறது என்றாலும், அதைக் கையால் அள்ளிக் கட்டுகிறவர் இருக்கிறார், தூக்கிக்கொண்டு கூடப்போகும் பிள்ளை இருக்கிறது. இதில் எந்த இடத்திலும் பால் வரவில்லை.

பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர்களே இல்லை என்பதும் உண்மையில்லை. பசும்பாலைக் காய்ச்சும் வீட்டிலேயே ஆட்டுப்பாலுக்கு வேறு நியாயம் நடக்கும். இளைப்புக்கும் நோஞ்சான் உடம்புக்கும் நல்லது என்று மடியிலிருந்து கறந்த சூட்டோடு கொடுப்பார்கள். மேய்ச்சல் காட்டில் தாகத்துக்கு நேரே வாயில் பீய்ச்சிக்கொள்ளும் சிறுவர்களையும் காணலாம். அப்பத்தா சொல்லும் இன்னொரு வைத்தியம் சுவரொட்டி. ரத்தம் ஊறட்டும் என்று ஆட்டின் மண்ணீரலை அனலில் வாட்டிச் சோகை பிடித்த பிள்ளைக்குத் தருகிறார்கள். நன்றாக வேகவைத்த சுவரொட்டியால் ஒரு கேடும் இல்லை, இரும்புச் சத்தும் உண்டு. மேலே கருகி உள்ளே சிவந்து நிற்கும் அரைவேக்காடுதான் கவலைக்குரியது. இந்தக் கிருமி உடம்புக்குள் விரும்பித் தங்கும் இடங்களில் மண்ணீரல் முதன்மையானது. டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887இல் மால்ட்டா தீவில் இதை முதன்முதலில் பிரித்தெடுத்ததே, காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்துதான்.

மால்ட்டாவின் கதையை நம் ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமியைக் கண்டபின்னும் அது எங்கிருந்து வருகிறது என்று 18 ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. தண்ணீர் என்றார்கள், சாக்கடைக் காற்று என்றார்கள், கொசு என்றார்கள். அந்தத் தீவில் வெள்ளாடுகளை வாசல் வாசலாக ஓட்டிவந்து, கண்முன்னே கறந்து கொடுப்பார்கள். ஆடுகள் கொழுகொழுவென்று நோயின் சாயலே இல்லாமல் இருந்தன. அதனாலேயே அவற்றின் மேல் சந்தேகம் விழவில்லை. 1905இல் தெமிஸ்டக்ளீஸ் சம்மிட் என்ற மால்ட்டா மருத்துவர் ஆட்டின் ரத்தத்தைச் சோதித்தார். நலமாகத் தெரிந்த ஆடுகளில் ஏறத்தாழப் பாதி இந்தக் கிருமியைச் சந்தித்திருந்தன. பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தது. 1906இல் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் படை முகாம்களில் காய்ச்சல் மளமளவென்று விழுந்தது. ஊர்மக்கள் அதே பாலைக் குடித்துப் பல பத்தாண்டுகள் நோயோடு இருந்தார்கள். "எங்க ஆடு நல்லாத்தான் இருக்கு" என்ற வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த வாதம்: "எங்கள் அனுபவத்தில் ஒரு குழந்தையைக்கூடப் பார்த்ததில்லை." தேடாதவர் சொல்லும் இந்தச் சாட்சியத்தை ஏற்க முடியாது. புருசெல்லோசிஸ் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய நோய் அன்று. அம்மைபோல் கொப்புளம் காட்டாது, உண்ணிக் காய்ச்சல்போல் கருந்தழும்பு வைக்காது. அதற்கென்று உள்ள சோதனையைக் கேட்டால்தான் தெரியும். கேட்காத ஊரில் அது இல்லாத நோயாகவே இருக்கும்.

கேட்ட ஊரில் என்ன நடந்தது என்பதற்குக் கர்நாடகத்தின் பிஜாப்பூர் சாட்சி. அங்குள்ள மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையினர் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடமிருந்து பெற்ற 5,726 ரத்த மாதிரிகளில் புருசெல்லா சோதனை செய்தார்கள். 93 குழந்தைகளுக்கு நோய் உறுதியானது. 2004இல் வெளியான அந்த ஆய்வில் பெரும்பாலான குழந்தைகள் பச்சை ஆட்டுப்பால் குடித்தவர்கள். பெரும்பாலோரின் முறையீடு, விடாத காய்ச்சல். நூற்றுக்கு இரண்டுகூட இல்லையே என்று ஒதுக்க நினைப்பவர்கள், அந்த 93 பேரும் சோதனை செய்யாத ஊரில் பிறந்திருந்தால் என்ன பெயரில் என்ன மருந்து சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டம் வெம்பாயத்தில், 2023 அக்டோபரில் தந்தைக்கும் மகனுக்கும் இந்த நோய் உறுதியானது. அதுவும் பாலைக் காய்ச்சிக் குடிக்கிற நாடுதான்.

அது பிஜாப்பூர், இது புதுக்கோட்டை என்று பிரிப்பதற்கும் ஆடுகள் இடம் தருவதில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் உண்டு. புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் கூடும் வாரச்சந்தையில் பல ஊர் ஆடுகள் ஒரே கயிற்றுக்கு வந்து, வேறு பல ஊர்களுக்குப் பிரிந்து போகின்றன. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் கிடை போட்டபடி மாவட்டம் மாவட்டமாக நடக்கிறார்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு என்று கொடுத்தது. அந்தத் திட்டம் எத்தனையோ பெண்களின் கையில் நாலு காசு புழங்கச் செய்தது; அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகும் ஆட்டோடு புழங்குகிறவர் என்றால் தலைமுறை தலைமுறையாக மேய்க்கிற குடும்பத்தார் மட்டுமே என்று ஒரு மருத்துவர் நினைத்தால், அவர் பார்க்கும் நோயாளிகளின் வீடுகளை அவர் அறியவில்லை என்றே பொருள்.

மிகப் பெரிய சிக்கல் இதற்கு அடுத்துதான் வருகிறது. இந்த நோய்க்கு வைக்கப்படும் தவறான பெயர், டைபாய்டு.

பத்து நாள் காய்ச்சலோடு பிள்ளை வந்தால் நடப்பது எல்லாருக்கும் தெரிந்த வரிசை. ரத்தம் எடுக்கிறார்கள், மலேரியா இல்லை, டெங்கு இல்லை. வைடால் சோதனையில் ஒரு எண் வருகிறது. டைபாய்டு என்று முடிவாகி ஊசி ஏறுகிறது. டைபாய்டு பரவலாக உள்ள நாட்டில், ஒரே ஒரு முறை எடுத்த வைடாலை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது என்பது பாடப்புத்தகமே சொல்லும் பாடம். முன்பு எப்போதோ வந்த டைபாய்டின் மிச்சமும், வேறு காய்ச்சல்களும்கூட அந்த எண்ணைத் தூக்கிக் காட்டும். ஆனாலும் அந்தத் தாள் கையில் வந்ததும் தேடல் நின்றுவிடுகிறது. ஊசியில் புருசெல்லாவின் காய்ச்சலும் சில நாள் தணியக்கூடும். தணிந்ததால் டைபாய்டு நிரூபணமாகிவிட்டது என்று வீட்டாரும் மருத்துவரும் நிம்மதியாகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் திரும்புகிறது. அலைபோல ஏறி இறங்குவது இந்த நோயின் இயல்பு. திரும்பி வந்த காய்ச்சலுக்கு மறுபடி வைடால், மறுபடி ஊசி.

வரலாற்றில் ஒரு வேதனையான செய்தி உண்டு. ஃபெர்னாண்ட் வைடால் தன் சோதனையை வெளியிட்டது 1896. அதே உத்தியை மால்ட்டா காய்ச்சலுக்கு ஆல்மிராத் ரைட் பயன்படுத்திக் காட்டியது அடுத்த ஆண்டே. ஒன்று தெருமுனை லேப் வரைக்கும் போய்ச் சேர்ந்து தகுதிக்கு மீறி நம்பப்படுகிறது. மற்றதை மருத்துவர் கேட்பதே இல்லை.

டைபாய்டோடு குழப்பம் முடிவதில்லை. குழந்தை ஒரு காலை ஊன்ற மறுத்து நொண்டும். இடுப்பு மூட்டோ முழங்காலோ வீங்கும். மூட்டுவாதக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர் விழும், சில சமயம் மூட்டுக் காசநோய் என்றும் விழும். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி, வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்து குறைந்தால் ரத்தப் புற்றுநோயோ என்று எலும்பு மஜ்ஜை எடுக்கிறார்கள். பெற்றோர் அந்த நாட்களில் படும் பாட்டைச் சொல்லி முடியாது. மஜ்ஜை எடுக்கும் அதே ஊசியில் சில துளிகளைக் கிருமி வளர்ப்புப் புட்டியிலும் இட்டால் போதும்: ரத்தத்தைவிட மஜ்ஜையில் புருசெல்லா கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நுண்ணோக்கிக்கு மட்டும் அனுப்பிவிட்டு, புற்றுநோய் இல்லை என்ற பதிலோடு வீட்டுக்கு அனுப்பினால் குழந்தையின் காய்ச்சல் கூடவே போகிறது.

காசநோய் மருந்து தொடங்கிவிடுவது இதைவிட ஆபத்தான குறுக்குவழி. அந்த மருந்துக் கூட்டில் உள்ள ரிஃபாம்பிசின் புருசெல்லாவையும் தாக்கும். பிள்ளை கொஞ்சம் தேறும். தேறியதே காசநோய்க்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். மருந்துக்கு உடம்பு இணங்கியதை நோயின் அடையாளமாகக் கொள்வது இந்த இடத்தில் செல்லாது. மறுபக்கமும் எச்சரிக்கை வேண்டும்: உண்மையில் காசநோய் உள்ள பிள்ளைக்குப் புருசெல்லோசிஸ் என்று ஊகித்து ரிஃபாம்பிசின் கொடுத்தால் காசநோய்க் கிருமிக்கு மருந்தெதிர்ப்பு பழகிவிடும். இரண்டில் எது என்று சோதித்துச் சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

"அந்தச் சோதனையெல்லாம் பெரிய ஊரில்தான் முடியும், செலவு தாங்காது" என்ற வாதமும் நிற்காது. ரோஸ் பெங்கால் என்ற சோதனைக்கு வேண்டியது ஒரு துளி சீரம், ஒரு துளி இளஞ்சிவப்புக் கரைசல், ஒரு தட்டு. கலந்து ஆட்டினால் சில நிமிடங்களில் திரிதிரியாகத் திரளும், அல்லது திரளாது. கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்கு அன்றாடம் செய்யும் சோதனை இது. அதற்கான கரைசலை ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமே தயாரிக்கிறது. இதற்கு மேலான சோதனைக்கும் புதுக்கோட்டையிலிருந்து ஆள் தொலைவில் இல்லை. 2017 முதல் மாவட்டத் தலைநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனித மருத்துவரும் மாட்டு மருத்துவரும் ஒரு தொலைபேசி அழைப்புத் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

ரோஸ் பெங்காலில் திரண்டுவிட்டது என்பதற்காக உடனே மருந்தைத் தொடங்கவும் கூடாது. ஆட்டோடு புழங்கும் ஊரில், நோயில்லாத பிள்ளையின் ரத்தத்திலும் பழைய தொற்றின் அடையாளம் இருக்கலாம். வேறு சில குடற்கிருமிகளும் இந்தச் சோதனையை ஏமாற்றும். அதனால் காய்ச்சல், மூட்டுவலி, மண்ணீரல் வீக்கம் போன்ற குறிகளும் ஆடுமாட்டுத் தொடர்பும் உள்ள குழந்தைக்கே இதைச் செய்ய வேண்டும். செய்தபின் குழாய்த் திரட்டுச் சோதனையில் 160 மடங்கு நீர்த்த சீரத்திலும் திரள்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருக்கும் பிள்ளையின் சீரம், குறைவாக நீர்த்த குழாய்களில் திரளாமல் போய்விடும். முதல் இரண்டு மூன்று குழாய்களோடு நிறுத்தினால், எல்லாரையும்விட அதிக நோயுள்ள குழந்தைக்கு "இல்லை" என்ற தாள் போகும். கடைசிவரை நீர்த்துப் பார்க்கும் பொறுமை லேபில் வேண்டும்.

ரத்த வளர்ப்புச் சோதனைதான் இறுதிச் சான்று. ஆனால் புருசெல்லா மெதுவாக வளரும். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை என்று புட்டியைக் கழுவிவிட்டால் கிடைக்காது. பழைய முறையானால் மூன்று வாரத்துக்கு மேலும் வைத்திருக்க வேண்டும். சந்தேகத்தை லேபுக்கு எழுதி அனுப்புவது மருத்துவரின் கடமை. சோதனைக்கூட ஊழியர்களையே தொற்றும் கிருமிகளில் இது முன்னணியில் உள்ளது. திறந்த மேசையில் தட்டை மோந்து பார்க்கும் பழக்கம் உள்ள இளைஞருக்கு முன்கூட்டியே சொல்லாமல் விடுவது பெருந்தவறு.

இத்தனைக்கும் முன்னால் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. அது கேள்வி. "வீட்டுல ஆடு மாடு இருக்காம்மா?" என்று கேட்பதோடு நின்றால் "இருக்கு" என்ற பதிலில் ஒன்றும் தெரியாது. "இந்த வருசம் எந்த ஆடாவது மாசம் முந்திக் குட்டி வீசுச்சா? அப்ப யாரு எடுத்துப் போட்டா? பிள்ளை பக்கத்துல இருந்துச்சா? ஆட்டுப்பால் குடுத்தீங்களா, காய்ச்சியா காய்ச்சாமலா? வீட்டுல வேற யாருக்காவது இடுப்புவலியோட காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டால் தாய் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிவிடுவாள். குட்டி வீசிய ஆட்டை அவள் மறந்திருக்க மாட்டாள். அது அவளுக்குப் பணநட்டம். நோய் உடம்புக்குள் நுழைந்து வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரம், சில சமயம் மாதக்கணக்கும் ஆகும் என்பதால் கேள்வி போன வாரத்தோடு நிற்கக் கூடாது.

சரியான பெயர் கிடைத்தால் மருந்து எளிது. எட்டு வயதுக்குக் கீழே என்றால் கோட்ரைமாக்சசோலும் ரிஃபாம்பிசினும், அதற்கு மேலே என்றால் டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும், ஆறு வாரம். எலும்பிலோ இதயத்திலோ மூளையிலோ நோய் இறங்கியிருந்தால் ஊசி மருந்தும் சேரும், காலமும் நீளும். எல்லாமே அரசு மருத்துவமனைக்குப் பழக்கமான மருந்துகள். ஒரே மருந்தை மட்டும் கொடுத்தாலும், காய்ச்சல் விட்டதென்று பத்தாம் நாளில் நிறுத்தினாலும் நோய் திரும்பும். இறப்பு இதில் அரிது. அதைக் காரணம் காட்டி இந்த நோயை இரண்டாம் வரிசையில் வைப்பது, ஒரு முழுப் பள்ளி ஆண்டைக் காய்ச்சலுக்கும் நொண்டலுக்கும் கொடுத்துவிட்ட குழந்தையைக் கணக்கில் எடுக்காத பேச்சு.

ஒரு குழந்தைக்கு உறுதியானால் வேலை அந்தக் குழந்தையோடு முடிவதில்லை. ஒரே கொட்டில், ஒரே பால், ஒரே பிரசவம் என்று பகிர்ந்துகொண்ட தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள் எல்லாருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். வெம்பாயத்தில் தந்தையும் மகனுமாக இருவர் என்பது தற்செயல் என்று சொல்வதற்கில்லை. அதே நாளில் அந்த ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் போக வேண்டும், வீட்டு ஆடுகளுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். தேசியத் திட்டத்தின் கன்று வீச்சு ஊசி பசு, எருமைக் கிடேரிகளுக்குத்தான். மனிதரைக் கடுமையாகத் தாக்கும் மெலிடென்சிஸ் வகை தங்கியிருக்கும் வெள்ளாடும் செம்மறியும் அதன் கணக்கிலேயே இல்லை. அந்த ஆடுகளுக்கு ஒரு வழி பிறக்கும் வரையில், காய்ச்சல் இரண்டு வாரம் தாண்டிய ஒவ்வொரு பிள்ளையின் நோய்ச்சீட்டிலும் குட்டி வீசிய ஆட்டைப் பற்றிய கேள்வி எழுதப்பட வேண்டும், பதில் 'ஆம்' என்றால் வைடாலுக்கு எடுத்த அதே ரத்தத்தில் ரோஸ் பெங்காலும் பார்க்கப்பட வேண்டும். மாவட்ட சுகாதார அலுவலர் ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடக்கூடிய காரியம் இது.